எதிர்ச் சுவர்

குளித்தலை,
9.7.1996

அன்புள்ள அண்ணனுக்கு வசந்தி எழுதுவது.

நாங்கள் மூன்று பேரும் போன மாதம் 24ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தோம். மாமனார் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறோம். உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. உங்களுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா? அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி?

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் இருக்கிறது. ஆனால் வெளியே நாலு பேர் காத்து நிற்கும்போது நான் கேட்க நினைப்பதைக் கேட்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருடைய வேலை நீக்க உத்தரவை இங்கே ஒரு டீச்சரிடம் கொடுத்து முழுதாகப் படிக்கச் சொன்னேன். மார்ச் 12ஆம் தேதி காலை ஷிப்டில் மூன்றாம் நம்பர் கலவை எந்திரத்தை ஓட்டச் சொன்னபோது, ஆபரேட்டர் மாணிக்கம் இரண்டாம் நம்பரின் பொத்தானை அழுத்தினார், அதற்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஃபிட்டர் பிமல் தாஸ் அதனால் இறந்தார் என்று எழுதியிருக்கிறது. காரணம், கவனக்குறைவு. கீழே இன்னொரு வார்த்தை. மனிதத் தவறு.

பிமல்-தா நமக்கு யாரோ அல்ல, நான் அண்ணன் முறையாக நினைத்தவர். பெஹாலாவில் எங்களுக்குக் கீழ்வீடு. குழந்தை சாதனா பேசப் பழகியதே அவர் மனைவி மினதி பௌதியின் மடியில்; எனக்கு அவர் இன்னொரு அண்ணி. கிளம்பும் அன்று பௌதி கதவைத் திறக்கவில்லை. நானும் தட்டவில்லை.

கல்யாணமான வருஷம் இவரை அந்த ரப்பர் ஆலையில் சேர்த்துவிட்டது நீங்கள்தான். பதினொரு வருஷம் ஒரே எந்திரங்களோடு இருந்தவர். ஒருநாள்கூடக் குடித்துவிட்டு வேலைக்குப் போனதில்லை. முதல்நாள் இரவு நன்றாகத் தூங்கினார், எனக்குத் தெரியும். பிறகு எப்படி மூன்றுக்குப் பதில் இரண்டை அழுத்துவார்? கேட்டால் பதில் சொல்வதில்லை. நீங்கள் அந்த ஆலையின் மின்பிரிவு இன்ஜினியர். விசாரணையில் சாட்சியும் சொன்னீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று என்னதான் நடந்தது?

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
தங்கை வசந்தி

*

பெஹாலா, கல்கத்தா,
2.8.1996

அன்புள்ள தங்கை வசந்திக்கு நாகரத்தினம் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. நல்லபடியாகச் சேர்ந்தீர்கள் என்று தெரிந்து நிம்மதி. எனக்கு மாத்திரையில் ஓடுகிறது. சகுந்தலாவுக்கு லேக் மார்க்கெட் வைத்தியர் கொடுத்த எண்ணெய் கொஞ்சம் கேட்கிறது. இங்கே பத்து நாளாக மழை. நீங்கள் இருந்த வீட்டின் முன்னால் முழங்கால் தண்ணீர். வீட்டுக்காரர் இன்னும் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை.

சாதனாவின் மாற்றுச் சான்றிதழை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அங்கே தமிழ் மீடியத்தில் சேர்த்தால் ஆரம்பத்தில் சிரமப்படுவாள். வீட்டில் தமிழில் மட்டும் பேசுங்கள்.

மாப்பிள்ளையை அதையே நினைத்துக்கொண்டிருக்க விடாதே. மனிதன் என்றால் தவறு வருவதுதான். ஏதாவது ஒரு வேலையில் மனத்தைச் செலுத்தினால் சரியாகிவிடும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்.

அண்ணன் நாகரத்தினம்

*

குளித்தலை,
20.8.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

சான்றிதழ் வந்துவிட்டது. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. எனக்கு இழுப்பு மறுபடி வந்து போயிற்று, பெரிதாக ஒன்றுமில்லை.

அவரைப் பற்றி எழுதவேண்டும். வந்த நாளிலிருந்து அவர் வீட்டில் எந்த ஸ்விட்சையும் தொடுவதில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. ஒருநாள் சாயந்திரம் கடைக்குப் போய்த் திரும்பினேன். இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். கரண்ட் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். சாதனா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் மின்விசிறியைப் போடச் சொல்கிறார். அவள் போடும்போது, "உள்ள யாரும் இல்லையே?" என்று கேட்கிறார். மின்விசிறிக்குள் யார் இருப்பார்கள் என்று குழந்தை சிரிக்கிறாள். அவர் சிரிப்பதில்லை.

மாமா சொல்லி ஒரு அரிசி ஆலையில் வேலை கிடைத்தது. முதல்நாள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனார். பத்து மணிக்கு அந்தச் சாப்பாட்டோடு திரும்பிவிட்டார். ஆலை வாசலில் எந்திரச் சத்தம் கேட்டதும் கால் நகரவில்லையாம்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? கல்கத்தாவில் ஒரு ஆளைக் கொன்றுவிட்டு வந்தவன் என்று. சாதனாவின் வகுப்பில் ஒரு பெண் அவளிடமே கேட்டிருக்கிறாள். அவளுக்குக் கோபம் வந்தால் வங்காளம்தான் வருகிறது. வங்காளத்தில் திட்டியிருக்கிறாள், அதற்கும் சேர்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

நான் போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நீங்கள் மறந்திருக்கலாம். மறுபடி கேட்கிறேன். அன்று என்ன நடந்தது?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வசந்தி

*

பெஹாலா,
23.10.1996

அன்புள்ள வசந்திக்கு,

உன் இழுப்புக்கு நல்ல டாக்டராகப் பார். பனிக்காலம் வருவதற்கு முன் பார்த்துவிடு. இங்கே நானும் சகுந்தலாவும் இருக்கிறோம்.

பதில் தாமதமாகிவிட்டது. துர்கா பூஜை வந்துபோயிற்று. தெருப் பந்தலில் உன்னையும் சாதனாவையும் எல்லோரும் விசாரித்தார்கள். போன மாதம் என்னைத் துணை மேலாளர் ஆக்கினார்கள். பொறுப்பு கூடிவிட்டது, வீட்டுக்கு வர எட்டு மணியாகிறது.

நீ கேட்டதற்கு நான் என்ன சொல்ல? விசாரணைக் கமிட்டி எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்தது. தொழிற்சாலை ஆய்வாளரும் வந்து பார்த்தார். எந்திரத்தில் கோளாறு இல்லை. வயரிங்கில் கோளாறு இல்லை. பொத்தான்கள் இருக்கும் பேனலில் எண்கள் தெளிவாக இருந்தன. அப்படியிருக்கும்போது என்ன மிச்சம் இருக்கிறது என்று நீயே யோசித்துப் பார். மாப்பிள்ளை நல்லவர். நல்லவர்களுக்கும் ஒரு நொடி கவனம் சிதறும்.

இனி இதைக் கிளறாமல் இருப்பது அவருக்கு நல்லது.

நாகரத்தினம்

*

குளித்தலை,
30.11.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

துணை மேலாளர் ஆனதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். மாமா தெருவில் எல்லோரிடமும் சொன்னார். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். சாதனாவின் கணக்கு நோட்டில் கிழித்தது. அவர் பத்து நாளாக நோட்டின் பின்பக்கங்களில் இதையே வரைந்துகொண்டிருக்கிறார். மேலே நாலு வட்டம், கீழே நாலு புள்ளி. வட்டங்களுக்கு இடமிருந்து வலமாக நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண் போடுகிறார். புள்ளிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் நேர்கீழே இருக்கும் புள்ளிக்குக் கோடு போடுகிறார். மூன்றாம் வட்டத்தின் கோடு இரண்டாம் புள்ளியில் வந்து நிற்கிறது. அந்த இடத்தில் பென்சிலை அழுத்தி அழுத்தித் தாள் கிழிந்திருக்கிறது, பாருங்கள்.

இது என்ன என்று கேட்டேன். "மச்சானுக்குப் புரியும்" என்றார். ஊருக்கு வந்த பிறகு அவர் உங்களைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை.

எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தால் எழுதுங்கள்.

வசந்தி

*

குளித்தலை,
18.2.1997

அண்ணனுக்கு வசந்தி எழுதுவது.

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. நவம்பரில் நான் போட்ட கடிதம் வந்ததா இல்லையா? பொங்கலுக்கும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அண்ணிக்காவது எழுதச் சொல்லியிருக்கலாம். உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து, பூத்தில் போய் உங்கள் ஆபீசுக்குப் போன் செய்தேன். துணை மேலாளர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். இரண்டு தடவையும் அதையே சொன்னார்கள்.

சுகமாக இருக்கிறீர்கள் என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

வசந்தி

*

பெஹாலா,
27.4.1997

அன்புள்ள தங்கை வசந்திக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. நீ அனுப்பிய தாளைப் பார்த்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் ஐந்து மாதம் எழுதவில்லை. இதை நீ தனியாக ஒருமுறை படி. பிறகு மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு.

நாலு வட்டம் என்பது நாலு எந்திரங்கள். புள்ளிகள் பேனலில் இருக்கும் பொத்தான்கள். முன்பு பேனல் எந்திரங்களுக்குப் பின்னால் இருந்த சுவரில் இருந்தது. ஆபரேட்டர் எந்திரங்களைப் பார்த்தபடியே பொத்தானை அழுத்துவார். இடப்பக்க எந்திரத்துக்கு இடப்பக்கப் பொத்தான். 1994இல் சரக்கு வைக்க இடம் வேண்டும் என்று அதை எதிர்ச் சுவருக்கு மாற்றினார்கள். மாற்றியது நான். புதிய இடத்தில் ஆபரேட்டர் எந்திரங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். அவருக்கு இடம் வலமாகிவிட்டது. பொத்தான்களின் வரிசையையும் நான் திருப்பிப் போட்டிருக்கவேண்டும். போடவில்லை. எண் எழுதியிருக்கிறதே, பார்த்து அழுத்துவார்கள் என்று நினைத்தேன். ஒரே மாதத்தில் எண்கள்மேல், ரப்பரில் கலக்கும் கரித்தூள் படிந்து மூடிவிட்டது. எட்டு மணி நேரம் நிற்கிறவன் எண்ணைப் படிப்பதில்லை வசந்தி, கை போகிற இடத்துக்குப் போகும். மூன்றாம் எந்திரம் முதுகுக்குப் பின்னால் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்தில் இருந்தது இரண்டாம் பொத்தான்.

எந்திரத்துக்குள் இறங்குமுன் ஃபிட்டர் ப்யூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளவேண்டும். அதுதான் முறை. ப்யூஸ் திருட்டுப் போகிறது என்று ப்யூஸ் பெட்டியை நான் பூட்டினேன். சாவி என் மேஜையில். முற்றத்தைக் கடந்து வந்து, நான் இருக்கிறேனா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும். ஆறு மாதத்தில் எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள். எனக்கும் தெரியும். பிமலும் அன்று வாங்கவில்லை.

இதற்கு மேல்தான் எனக்கு எழுதக் கஷ்டமாக இருக்கிறது. விபத்துக்கு ஏழெட்டு மாதம் முன்பு ஒரு நாள் நானே அந்தப் பேனலில் மூன்றை ஓட்ட நினைத்து இரண்டை ஓட்டினேன். உள்ளே யாரும் இல்லை. உடனே நிறுத்திவிட்டேன். சுற்றிப் பார்த்தேன். மாப்பிள்ளை பத்தடி தள்ளி நின்றிருந்தார். பார்த்தாரா இல்லையா என்று நான் கேட்கவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நாள் வேலை, பொத்தான்களைத் திருப்பிப் போட்டிருப்போம்.

விபத்தின் மறுநாள் காலையில், ஆய்வாளர் வருவதற்கு முன்பு, பெயிண்டரைக் கூப்பிட்டு எண்களை எழுதச் சொன்னதும் நான்தான். பிறகு கமிட்டி முன்னால் நின்று, எண்கள் தெளிவாக இருந்தன என்று சொன்னேன்.

உன் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் வேலைக்குப் போனேன். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பதினொரு ஆபரேட்டர்களை ஒவ்வொருவராக வரவழைத்தேன். பேனல் முன்னால் நிற்கவைத்து, ஒரு எந்திரத்தைக் கையால் காட்டி, ஓட்டு என்றேன். எண் புதிதாகப் பளிச்சென்று இருந்தும் நாலு பேர் தவறான பொத்தானை அழுத்தினார்கள். அதில் ஹாரு-தா இருபத்தாறு வருஷ ஆபரேட்டர். தன் விரலையே பார்த்துக்கொண்டு, "ஆமியோ?" என்று கேட்டார். நானுமா என்று. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பதினொரு பேரின் கையெழுத்தோடும், மேலே எழுதிய எல்லாவற்றோடும் நிர்வாகத்துக்கும் ஆய்வாளர் அலுவலகத்துக்கும் கடிதம் கொடுத்துவிட்டேன். என்னைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறார்கள். மறு விசாரணை ஜூலையில். மாப்பிள்ளைக்கு அழைப்பு வரும்.

சகுந்தலாவுக்கு நேற்றுதான் சொன்னேன். அவள் என்னோடு பேசவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நாகரத்தினம்

*

குளித்தலை,
25.5.1997

அண்ணனுக்கு,

கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடம்பு, சுகம் எல்லாம் எழுத எனக்கு இப்போது முடியவில்லை.

நீங்கள் சொன்னபடி தனியாகப் படித்தேன். நாலு நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். பிறகு ஒரு மத்தியானம் அவருக்குப் படித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "எனக்குத் தெரியும்" என்றார்.

நீங்கள் தவறாக அழுத்திய அன்று அவர் பார்த்திருக்கிறார். எண்களுக்குப் பெயிண்ட் அடித்ததையும் பார்த்திருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக எந்திரக் கூடத்து வாசலில் நிறுத்தியிருந்தார்களாம், அங்கிருந்து. பிறகு ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன்.

"உங்கண்ணன் சொல்லுவாருன்னு இருந்தேன்" என்றார். "அவர் முறை வந்தப்ப என் பக்கமே திரும்பல. அதுக்கப்புறம் நான் சொன்னா, தப்பிக்கறதுக்காக மச்சான் மேல போடறான்னுதான் ஆகும். உனக்கும் அண்ணன் இல்லாமப் போயிடும்."

பிறகு, "யார் என்ன சொன்னாலும் அழுத்தினது என் விரல்தான் வசந்தி" என்றார்.

ஒரு வருஷம் அவரை நான் என்னவெல்லாம் கேட்டேன் தெரியுமா? தூங்கினீர்களா, யாரோடாவது பேசிக்கொண்டிருந்தீர்களா, எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று. நீங்கள் சொன்னதை நம்பித்தான் கேட்டேன். என் அண்ணன் பொய் சொல்லமாட்டார் என்று அவர் முகத்துக்கு நேராகவே ஒரு நாள் சொன்னேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

விசாரணைக்கு வருவதாகச் சொல்கிறார். தனியாக அனுப்புகிறேன். ஹௌராவில் வந்து அழைத்துக்கொள்ளுங்கள்.

வசந்தி

*

பெஹாலா,
28.7.1997

வசந்திக்கு,

மாப்பிள்ளையை நேற்று ரயில் ஏற்றிவிட்டேன். சகுந்தலா வழிக்குப் புளிச்சாதம் கட்டிக்கொடுத்தாள். இருந்த ஆறு நாளும் நன்றாகச் சாப்பிட்டார் என்று சொல்லமுடியாது.

விசாரணையில் எல்லாவற்றையும் நான் திரும்பச் சொன்னேன். ஆய்வாளர் அவரிடம் ஒன்றுதான் கேட்டார். "பொத்தானை அழுத்துமுன் எண்ணைப் பார்த்தீர்களா?" இவர், "எண் இல்ல சார், கரிதான் இருந்துது" என்றார். அவ்வளவுதான் பேசினார். வேலை நீக்க உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். போலீஸுக்கும் அதை எழுதியிருக்கிறார்கள். என்னுடைய பதவி போய்விட்டது. ஸ்டோரில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

மறுநாள் அவரை உள்ளே கூட்டிப்போனேன். இப்போது அந்தப் பேனலே கிடையாது. ஒவ்வொரு எந்திரத்துக்கும் அதன் பக்கத்திலேயே அதன் பொத்தான். எந்திரத்துக்கு ஒரு சாவி, அது ஃபிட்டரின் சட்டைப் பையில் இருக்கும். அவர் வெளியே வந்து அதைப் போடும்வரை யார் எதை அழுத்தினாலும் ஓடாது. மாப்பிள்ளை சாவியை எடுத்தும் போட்டும் பார்த்தார். ஹாரு-தா வந்து அவரைக் கட்டிக்கொண்டார். நாளையிலிருந்தே வேலைக்கு வரலாம் என்று மேலாளர் சொன்னார். இவர் கும்பிட்டுவிட்டு, "வேண்டாம் சார்" என்றார்.

அன்று சாயந்திரம் மினதி பௌதி வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். நானும் போனேன். முதலில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை பௌதி புடவைத் தலைப்பைப் பிரித்தும் மடித்தும் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, கடைசியாகப் பிமல் என்ன பேசினார் என்று கேட்டார். இத்தனை நாளில் யாரும் அதை அவருக்குச் சொன்னதில்லையாம்.

மாப்பிள்ளை வங்காளத்தில் சொன்னார். பிமல் எந்திரத்துக்குள் இறங்கும்போது, டீ வந்தால் எனக்கும் ஒன்று வாங்கி வை என்றாராம்.

"வாங்கி வைத்தாயா?" என்று பௌதி கேட்டார்.

"வாங்கி வச்சேன் பௌதி."

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் அழுதார்கள். நான் வாசலுக்கு வந்து நின்றேன். எனக்கு அங்கே உட்கார இடமில்லை என்று தோன்றியது.

சாதனாவுக்குப் பௌதி ஒரு ஃபிராக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அளவு தெரியாமல் தைத்தது, பெரிதாக இருந்தால் பிடித்துத் தைத்துக்கொள்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தீபாவளிக்கு நானும் சகுந்தலாவும் அங்கே வரலாமா என்று மட்டும் கேட்கிறேன்.

நாகரத்தினம்

*

குளித்தலை,
5.10.1997

அண்ணனுக்கு வசந்தி எழுதுவது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். எனக்கு இழுப்பு இந்த மாதம் இல்லை. அண்ணிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

ஃபிராக் சாதனாவுக்குப் பெரிதுதான். ஆனாலும் அதைத்தான் போட்டுக்கொள்வேன் என்கிறாள். பௌதிக்கு நன்றி சொல்லி அவளே வங்காளத்தில் எழுதினாள். எழுத்துப் பிழை இருக்கும், பரவாயில்லை என்று அனுப்பிவிட்டேன்.

அவர் வாழை மண்டியில் தார் ஏற்றி இறக்கப் போகிறார். தோளெல்லாம் கறை. வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். சில நாள் தூக்கத்தில் பிமல்-தாவைக் கூப்பிடுகிறார். நான் எழுப்புவதில்லை.

தீபாவளிக்கு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவரிடம் கேட்டேன். "மச்சான் வரட்டும்" என்றார், யோசிக்கக்கூட இல்லை. அவருக்கு உங்கள்மேல் ஒன்றும் இல்லை. மறு விசாரணையில் நீங்கள் அவர் பக்கம் திரும்பியே பேசினீர்களாம். அதை இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டார்.

ஆனால் வரவேண்டாம் அண்ணா. வேண்டாம் என்று சொல்வது அவர் இல்லை, நான்.

கொஞ்ச நாள் போகட்டும். நானே எழுதுகிறேன்.

வசந்தி